நோம்பியும் சந்தையும்: நம் சமவெளித் திருவிழாக்களின் கணக்கு



பொன்விழா மலர் என்றால் அதில் ஆயர் பெருந்தகையின் ஆசியுரை இருக்கும். பணியாற்றிய குருக்களின் பட்டியல் இருக்கும். நன்கொடையாளர் பெயர்கள் இருக்கும். அவையாவும் இம்மலரின் ஏனைய பக்கங்களில் உள்ளன. ஈண்டு நாம் எழுத எடுத்துக்கொண்டது வேறொன்று. திருவிழா என்பது ஓர் ஊருக்கு என்ன தருகிறது, ஊரிடமிருந்து என்ன எடுத்துக்கொள்கிறது என்னும் கணக்கே அது.

இக்கேள்வியை எழுப்பியவர்கள் நம் ஊர் மக்களே. பொன்விழா ஆயத்தக் கூட்டத்தில் விசைத்தறி ஓட்டும் சகோதரர் ஒருவர் எழுந்து, "சாமி, போன நோம்பிக்கு வாங்குன கடனே இன்னும் தீரலீங்க. இந்த வருசம் பொன்விழான்னு இன்னும் பெருசாச் செஞ்சா, எங்களாட்டம் குடும்பம் என்னங்க பண்றது?" என்றார். கூட்டம் சற்று நேரம் பேச்சற்றிருந்தது. மறுநாள் காலைத் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, நம் கோவில் வாசலில் பொரிகடலை விற்கும் பாட்டி நம்மை நிறுத்தினார். அவர் நம் மறையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் நம் விழா ஒன்றையும் தவறவிட்டதில்லை. "நோம்பியைச் சுருக்கப் போறதாப் பேசிக்கறாங்க. சுருக்கிப்போடாதீங்க சாமி. வருசத்துல நாலு நோம்பி நடந்தாத்தான் எனக்கு மிச்ச நாளுக்குச் சோறு" என்றார்.

இருவர் சொன்னதும் உண்மை. ஒரே விழா ஒருவரைக் கடனாளியாக்குகிறது, இன்னொருவருக்கு உணவளிக்கிறது. இஃது எவ்வாறு நேர்கிறது என்பதை நம் சேலம், நாமக்கல் சமவெளியின் விழாக்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

யூபிலி என்னும் சொல்

முதலில் நாம் கொண்டாடும் விழாவின் பெயரையே எடுத்துக்கொள்வோம். 'யூபிலி' என்பது 'யோபேல்' என்னும் எபிரேயச் சொல்லிலிருந்து வந்தது. ஆட்டுக்கடாவின் கொம்பை அது குறிக்கும். ஏழேழு நாற்பத்தொன்பது ஆண்டுகள் கழிந்ததும் அக்கொம்பை ஊதி ஐம்பதாம் ஆண்டைப் புனித ஆண்டாக அறிவிக்க வேண்டும் என்று லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. அந்த ஆண்டில் விற்கப்பட்ட நிலம் உரியவனிடம் திரும்ப வேண்டும். வறுமையால் தன்னையே விற்றுக்கொண்டவன் விடுதலை பெற்றுத் தன் குடும்பத்திடம் போய்ச் சேர வேண்டும். ஆகவே யூபிலி என்பது தொடக்கத்திலேயே பொருளாதார ஏற்பாடாக இருந்தது. தோரணமும் வாணவேடிக்கையும் பிற்காலத்தில் வந்து சேர்ந்தவை.

திருச்சபையில் முதல் யூபிலி ஆண்டை 1300-இல் திருத்தந்தை எட்டாம் போனிப்பாஸ் அறிவித்தார். நூறாண்டுக்கு ஒருமுறை என்றிருந்ததை, 1343-இல் ஐம்பதாண்டுக்கு ஒருமுறையாக ஆறாம் கிளமெந்து மாற்றினார். அதன்பின் 1475 முதல் இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை என்றாயிற்று. உரோமை நகருக்குத் திரண்ட திருப்பயணிகளுக்கு உணவும் உறைவிடமும் தந்து அந்நகர மக்கள் பிழைத்தனர். பின்னர் 2000-ஆம் ஆண்டின் மாபெரும் யூபிலியை ஒட்டி, ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்ற இயக்கம் உலகெங்கும் எழுந்தது. திருத்தந்தை இரண்டாம் ஜான்பால் 1994-ஆம் ஆண்டு மடலிலேயே அக்கோரிக்கைக்கு வித்திட்டிருந்தார். எனவே கடனைப் பற்றிப் பேசிய நம் சகோதரர், யூபிலிக்குப் புறம்பான பேச்சைப் பேசிவிடவில்லை.

பேட்டையும் சந்தையும்

விழாவும் வாணிபமும் உடன்பிறந்தவை. இலத்தீனில் 'ஃபேரியா' என்றால் திருநாள். ஆங்கிலத்தில் சந்தையைக் குறிக்கும் 'ஃபேர்' என்னும் சொல் அதிலிருந்தே பிறந்தது. ஜெர்மானிய மொழியில் 'மெஸ்ஸே' என்னும் ஒரே சொல் திருப்பலியையும் குறிக்கும். பெரும் வணிகக் கண்காட்சியையும் குறிக்கும். புனிதரின் திருநாளில் பூசை காண வந்தவர்கள், கோவில் முற்றத்திலேயே துணியும் தானியமும் வாங்கிச் சென்றதால் அவ்வாறாயிற்று. இலண்டனில் புனித பர்த்தலமேயு திருநாளை ஒட்டி 1133-இல் தொடங்கிய சந்தை, 1855 வரை எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்தது.

நம் ஊர்களிலும் இதே நிலைதான். கொங்கு நாட்டு வழக்கில் விழாவை நாம் 'நோம்பி' என்கிறோம். நோன்பு என்னும் கட்டுப்பாட்டுச் சொல்லே நாளடைவில் கொண்டாட்டத்தின் பெயராயிற்று. ஊரில் 'நோம்பி சாட்டியாச்சு' என்ற செய்தி பரவியதும் முதலில் அசைவது கடைவீதிதான். சேலம் நகரின் அமைப்பைப் பாருங்கள். செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை எனப் பேட்டைகளாகவே நகரம் விரிந்திருக்கிறது. பேட்டை என்றால் சந்தை கூடும் குடியிருப்பு. செவ்வாய்க்கிழமைச் சந்தையின் நினைவைச் செவ்வாய்ப்பேட்டை இன்றும் பெயரில் தாங்கியிருக்கிறது. அதன் லீ பஜார் இன்றும் மொத்த வாணிபத்தின் நடுவிடம். நாமக்கல் பக்கம் சேந்தமங்கலத்தை அடுத்துப் புதன்சந்தை என்று ஓர் ஊரே இருக்கிறது. மாட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். சேலத்து மக்கள் கோட்டை மாரியம்மனை 'எட்டுப்பேட்டை கட்டியாளும் மாரியம்மன்' என்று சொல்வது வழக்கம். தெய்வத்தின் ஆட்சி எல்லையையே சந்தைகளால் அளந்த மக்கள் இவர்கள்!

ஆடி மாதத்துச் சேலம்

ஆடியில் திருமணம் வைப்பதில்லை. ஆகவே துணிக்கடைக்கு வியாபாரம் குன்றும் மாதம் அது. 'ஆடித் தள்ளுபடி' என்னும் ஏற்பாடு அதற்காகவே வந்தது. உழவர் வீட்டிலும் விதைப்புச் செலவு போகக் கையில் பணம் நில்லாத காலம். இத்தகைய மாதத்தில்தான் சேலம் நகரம் நிரம்பி வழிகிறது. கோட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டை, அன்னதானப்பட்டி என்று மாரியம்மன் கோவில்கள் அடுத்தடுத்து விழா எடுக்கின்றன. பூச்சாட்டுதல், கம்பம் நடுதல், பொங்கல், உருளுதண்டம் என நாள்கள் நீள்கின்றன. மாவட்டத்திற்கு உள்ளூர் விடுமுறை அறிவிக்கப்படுகிறது. விழாவை ஒட்டி அரசுப் பொருட்காட்சி நடப்பதும் வழக்கம்.

குகைப் பகுதியின் 'வண்டி வேடிக்கை' நூறாண்டைக் கடந்தது. தெய்வ வேடம் புனைந்தவர்கள் அலங்கரித்த வண்டிகளில் வீற்றிருக்க, இரவில் வீதியுலா நடக்கும். முற்காலத்தில் மாட்டு வண்டிகள். இன்று மோட்டார் வண்டிகள். ஒரு வண்டியைச் சோடிக்கத் தச்சர், தையற்காரர், ஒப்பனை செய்பவர், மின்விளக்குப் போடுபவர் எனப் பலர் வாரக்கணக்கில் உழைக்கின்றனர். அக்கூலி பெரும்பாலும் அந்தந்தப் பேட்டைக்குள்ளேயே தங்குகிறது.

நகரத்து விழா சிற்றூர்களையும் எட்டுகிறது. பனமரத்துப்பட்டி வட்டாரத்து அரளித் தோட்டங்களில் விடியுமுன்பே மொக்குப் பறிக்கப் பெண்கள் கூடிவிடுவர். விழா நாளில் பூவிலை ஏறும், பறிப்புக் கூலிக்கும் கிராக்கி. கொங்கணாபுரத்துச் சனிச்சந்தையில் ஆடும் சேவலும் விலை கூடும். பொங்கல் வந்தால் பூலாம்பட்டிக் கரும்பும், பிலிக்கல்பாளையத்து ஏல மண்டி வெல்லமும் வண்டி ஏறும். தீபாவளிக்குச் சேலத்து வெள்ளிப் பட்டறைகளில் இரவெல்லாம் கொலுசுக்குப் பூட்டுப் பற்றவைப்பர். ஆட்டையாம்பட்டிக் கைமுறுக்கோ எல்லா விழாவுக்கும் பொது. நம் சப்பரத்தின் முன்னும் அது விற்கும், தேர்முட்டியிலும் விற்கும், சந்தனக்கூட்டிலும் விற்கும்.

வெளியூர் சென்றவர்களை வீட்டுக்கு அழைத்து வருவதும் விழாதான். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டுவோர் வடநாட்டு மாநிலங்களில் மாதக்கணக்கில் கிடக்கின்றனர். சங்ககிரி, நாமக்கல் லாரிகளில் செல்வோரும் அவ்வாறே. வைகாசி விசாகத்தில் அர்த்தநாரீசுவரர் தேர் ஓடும்போதோ, தம் ஊர் மாரியம்மனுக்குச் சாட்டும்போதோ அவர்கள் கையில் கூலியோடு ஊர் திரும்புகின்றனர். வெளியில் ஈட்டிய பணம் அந்த நாள்களில் ஊர்க் கடையில் இறங்குகிறது. நம் பங்கிலும் கொடியேற்றத்தன்று எத்தனை லாரிகள் கோவில் மைதானத்தின் ஓரம் வந்து நிற்கின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள்.

நீர் நிறைந்தாலும் வற்றினாலும்

ஆடிப் பதினெட்டுக்கு மேட்டூரில் திரளும் கூட்டத்தைக் கூறாமல் இக்கணக்கு முடியாது. காவிரியில் நீராடி, அணைக்கட்டு முனியப்பனை வழிபட்டு, ஆற்றங்கரையில் சமைத்துண்டு திரும்புவோர் ஆயிரமாயிரம். மீன் வறுவல் கடைகளுக்கு அதுவே பெருநாள்.

அந்த அணை 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்தது. அதன் முழு நீர்மட்டம் 120 அடி. நீர் தேங்கியபோது பல ஊர்கள் மூழ்கின, மக்கள் வெளியேறினர். பண்ணவாடிப் பக்கம் சலகண்டேசுவரர் கோவிலும், இரட்டைக் கோபுரம் கொண்ட கிறிஸ்தவ ஆலயமும் நீருக்குள் போயின. மழை பொய்த்து நீர் இறங்கும் காலங்களில் அக்கோபுரங்களும் நந்தியும் வெளியே தெரியும். அவற்றைக் காண மக்கள் திரளுவர். பரிசல்காரருக்கும் கரையோரக் கடைக்காரருக்கும் சில நாள் வருமானம் கிடைக்கும். நீர் பெருகினால் ஆடிப்பெருக்குக் கூட்டம். நீர் வற்றினால் மூழ்கிய கோவிலைக் காணும் கூட்டம். ஆனால் வற்றிய காலத்தில் வருவோர் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். ஒரு காலத்தில் அங்கும் கொடியேற்றம் நடந்திருக்கும், பொரிகடலை விற்றிருக்கும். சுவர் நிற்பதனால் மட்டும் விழா நிற்பதில்லை. சுற்றிக் குடியிருக்கும் மக்களால்தான் அது நிற்கிறது என்பதை அக்கோபுரங்கள் நமக்கு உணர்த்துகின்றன.

மலைமேல் விழாக்கள்

இனி, அரசே முன்னின்று எடுக்கும் விழாக்கள். ஏற்காட்டில் மே மாதக் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும், கொல்லிமலையில் வல்வில் ஓரி விழாவும் சுற்றுலாவை வளர்க்கும் நோக்குடையவை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான ஓரியின் பெயரால், ஆடி 17, 18 ஆகிய நாள்களில் செம்மேட்டில் கொல்லிமலை விழா நடக்கிறது. அறப்பளீசுவரர் கோவிலுக்கு ஆடிப் பதினெட்டில் மக்கள் மலையேறுவது முன்பே இருந்த வழக்கம். பழைய திருநாள்மீது புதிய விழாவை வைத்ததால் அது வேர்பிடித்தது எனலாம். காரவள்ளி வழியே எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வண்டிகள் வரிசையாக ஏறுகின்றன.

ஏற்காட்டிலோ ஒரே மே மாதத்தில் இரண்டு விழாக்கள். ஒன்று அண்ணா பூங்காவில் பூக்களால் உருவங்கள் அமைத்து வெளியூரார் காண நடப்பது. மற்றொன்று மலைவாழ் மக்கள் தம் சேர்வராயன் குகைக் கோவிலில் நடத்துவது. முன்னதால் விடுதிக்கும் வாடகை வண்டிக்கும் வருமானம். பின்னதில் மலைக்கிராமங்கள் ஒன்றையொன்று சந்திக்கின்றன. இரண்டும் வேண்டியவையே. ஆனால் பணம் எங்கே இறங்குகிறது என்று கேட்க வேண்டும். விடுதியின் உரிமையாளர் வெளியூரார், பண்டம் வெளியூர்ப் பண்டம் என்றால், மலைக்கு மிஞ்சுவது குப்பையும் நெரிசலும்தான். மலைவாசியே தன் மிளகையும் பலாவையும் அன்னாசியையும் விற்றால் கதை வேறு. கொல்லிமலையில் சாமை, தினை போன்ற சிறுதானியங்களைக் காத்து, குழுவாகச் சேர்ந்து பக்குவப்படுத்தி விற்க எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல்லாண்டுகளாகத் துணைநின்றது. அப்படி ஒரு பொருள் கையில் இருக்கும்போது, விழாவுக்கு வந்தவன் மலைக்குப் பயன்படுகிறான்.

ஒரு ரூபாய் எத்தனை கை மாறும்?

இதைப் பள்ளிக் கணக்காகவே சொல்வோம். நாம் விழாவில் நூறு ரூபாய் செலவிடுகிறோம் என்று கொள்க. அதை வெளியூர் ஒலி ஒளி அமைப்பாளருக்குக் கொடுத்தால் இரவோடு இரவாக அது வண்டியேறிப் போய்விடும். அதே நூறு ரூபாயைப் பூத்தோட்டக்காரரிடம் கொடுத்தால் அவர் அதிலிருந்து பறிப்புக் கூலி தருவார். கூலி பெற்ற பெண் மளிகைக் கடையில் அரிசி வாங்குவார். கடைக்காரர் தம் பிள்ளைக்கு நம் ஊர்த் தையற்காரரிடம் சட்டை தைப்பார். நூறு ரூபாய் ஒன்றே; ஆனால் நான்கு வீட்டில் அடுப்பெரிந்துவிட்டது. செலவின் அளவைவிட, அது ஊருக்குள் எத்தனை கை மாறுகிறது என்பதே பெரிது.

நம் மாவட்டங்களில் இதற்கு வேண்டிய கைகள் உள்ளன. தம்மம்பட்டியில் கோவில் வாகனங்களையும் திருவுருவங்களையும் செதுக்கும் மரச்சிற்பிகள் இருக்கின்றனர். பம்பை முழக்குவோரும், தெருக்கூத்து ஆடுவோரும், பேண்டு வாத்தியக்காரரும், பந்தல் போடுவோரும் இருக்கின்றனர். இவர்களுள் பெரும்பாலோர் சொந்த நிலம் அற்றவர்கள். விழாப் பருவத்தில் ஈட்டுவதைக் கொண்டே எஞ்சிய மாதங்களைத் தள்ளுகின்றனர். பாட்டி நம்மிடம் சொன்னதும் இதைத்தான்.

விழா நின்றுபோன இரண்டு ஆண்டுகள்

இது வெறும் கருத்தன்று என்பதைக் கொரோனாக் காலம் காட்டிற்று. 2020 மார்ச் 25-இல் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. பங்குனி முதல் ஆடி வரையிலான விழாப் பருவத்தின் வாசலிலேயே கதவு சாத்தப்பட்டது. மறு ஆண்டு மே மாதம் மீண்டும் முழு ஊரடங்கு. ஆடித் திருவிழாக்கள் ஈராண்டும் வழக்கமான கூட்டமின்றிக் கழிந்தன. ஏற்காட்டுக் கோடை விழா 2022-இல்தான் திரும்பவும் நடந்தது. ஆண்டுதோறும் ஆகஸ்டு இறுதியில் காவியுடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் நம்மவர்களும் 2020-இல் வீட்டிலிருந்தே செப மாலை சொன்னார்கள்.

பூக்களை வாங்குவாரின்றி உழவர்கள் செடியிலேயே விட்டனர். சிலர் குப்பையில் கொட்டினர். கூத்துக் கலைஞர்கள் சித்தாள் வேலைக்குப் போயினர். நம் கோவிலுக்கு வழக்கமாக வரும் பேண்டு வாத்தியக்காரர் ஒருவர் தம் கருவியை அடகு வைத்தார். அதை மீட்க அவருக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த ஈராண்டில் நம் விழாச் செலவு மிச்சமாயிற்று என்று கணக்குப் பார்த்து நாம் மகிழ்ந்தோம். அம்மிச்சம் யாருடைய உலையிலிருந்து வந்தது என்பதை அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

கடன் வாங்கிக் கொண்டாடுவதா?

நிற்க. தறி ஓட்டும் சகோதரரின் கேள்வி இன்னும் விடைபெறவில்லை. விழாவுக்கென்று தலைக்கட்டு வரி, வருகிற உறவினருக்குக் கறிவிருந்து, பிள்ளைகளுக்குப் புத்தாடை, மணமான மகளுக்குச் சீர். இத்தனைக்கும் வார வட்டிக்கு வாங்குகிறார்கள். தமிழ்நாட்டில் 2003-இலேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. ஆயினும் அவசரத்துக்குக் கைநீட்டுபவனுக்குச் சட்டம் நினைவுக்கு வருவதில்லை. 'பக்கத்து வீட்டில் ஆடு அறுத்தார்கள், நாம் கோழியாவது அடிக்காவிட்டால் மானம் போய்விடும்' என்னும் அச்சமே பெரிதாக நிற்கிறது. அந்த மானத்தின் விலையை ஆண்டு முழுவதும் வட்டியாகச் செலுத்துகிறார்கள். முதல் மரியாதை யாருக்கு, சப்பரத்தை எத்தெரு வழியே கொண்டு போவது என்னும் பூசல்களும் இதே மானத்தின் பெயரால் எழுகின்றன. அவை நம் பங்கில் எழவே இல்லை என்று நாம் சொல்ல முடியாது.

நம் ஆண்டவர் எருசலேம் கோவிலில் நாணயம் மாற்றுவோரின் மேசைகளைக் கவிழ்த்ததை அறிவோம். கோவில் வரியைத் தீர் நகரத்துச் செக்கேலில்தான் கட்ட வேண்டும் என்பதால், திருநாளுக்கு வந்த ஏழை மாற்றுக்கூலி கொடுத்தாக வேண்டியிருந்தது. புறாவோ ஏழைகளின் காணிக்கை. குழந்தை இயேசுவைக் காணிக்கையாக்கிய நாளில் மரியாவும் சூசையும் கொடுக்க வேண்டியிருந்ததும் அதுவே. திருவிழாவுக்கு வந்த எளியவனைக் கோவில் வாசலிலேயே சுரண்டியதைத்தான் ஆண்டவர் பொறுக்கவில்லை என்று நாம் கருதுகிறோம்.

இங்கே நம் பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கடந்த சில ஆண்டுகளாக விழா மைதானத்தின் கடை இடங்களை மொத்தமாக ஒருவருக்கு ஏலத்தில் விட்டோம். நமக்கு வேலை குறைந்தது. தொகையும் கணிசமாக வந்தது. அந்தத் தொகையைத் திரும்ப எடுக்க, குத்தகைதாரர் தரையில் சாக்கு விரித்தவர்களிடம்கூட நாள் வாடகை வாங்கினார். பொரிகடலைப் பாட்டி முதல் நாள் விற்ற பணத்தில் பாதியை அதற்கே கொடுத்தார் என்பது நமக்கு அண்மையில்தான் தெரிந்தது. அவர் அதை நம்மிடம் முறையிடவில்லை, கேட்டபோதுதான் சொன்னார்.

ஓபராம்மர்காவ் என்னும் சிற்றூர்

விழாவைச் சுருக்காமலும் கடனில் விழாமலும் நடத்த இயலுமா? ஜெர்மனி நாட்டில் பவேரியா மலைப்பகுதியில் ஓபராம்மர்காவ் என்றொரு கத்தோலிக்கச் சிற்றூர் உண்டு. 1633-இல் கொள்ளைநோய் தாக்கியபோது, இறைவன் தங்களைக் காத்தால் ஆண்டவரின் பாடுகளைத் தவறாமல் நாடகமாக நடிப்போம் என்று அவ்வூரார் நேர்ந்துகொண்டனர். 1634-இல் முதல்முறை நடித்தனர். பின்னர் பத்தாண்டுக்கு ஒருமுறை என்று வகுத்துக்கொண்டனர். 2020-இல் நடக்க வேண்டியது நோய்த்தொற்றால் தள்ளிப்போய் 2022-இல் நடந்தது. ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் வந்து பார்த்தனர்.

அவ்வூரில் பிறந்தவர்கள், அல்லது இருபதாண்டு அங்கு வாழ்ந்தவர்கள் மட்டுமே அதில் நடிக்கலாம் என்பது அவர்கள் விதி. நடிப்பவர், பாடுபவர், உடை தைப்பவர், மேடை அமைப்பவர் எல்லாரும் ஊராரே. மரச்செதுக்கு வேலை அவ்வூரின் பழந்தொழில். நம் தம்மம்பட்டியைப் போல. வெளியிலிருந்து வருபவர் பார்வையாளர் மட்டுமே. ஆகவே வரும் பணம் ஊரிலேயே தங்குகிறது. நம் தமிழகப் பங்குகளில் நடக்கும் பாஸ்கா நாடகங்களும் இதே மரபினவே. ஆனால் உடையையும் ஒலியமைப்பையும் வாடகைக்கு எடுத்து அதன் பயனை வெளியே விட்டுவிடுகிறோம்.

நம் பொன்விழா

பங்குப் பேரவையில் மூன்று கூட்டங்கள் பேசிச் சில முடிவுகளுக்கு வந்துள்ளோம். தலைக்கட்டு வரி இவ்வாண்டு இல்லை. மனமுவந்து தருவதே காணிக்கை. தந்தவர் தராதவர் பட்டியல் கோவில் சுவரில் ஒட்டப்படாது. கடை இடங்கள் ஏலம் விடப்படமாட்டா. சாக்கு விரிப்பவருக்கும் கூடையில் விற்பவருக்கும் வாடகை இல்லை. பெரிய இராட்டினங்களிடம் மட்டும் வாங்குவோம். பூவைத் தோட்டக்காரரிடம் நேரே எடுப்போம். சப்பரத்தின் பழுதை நம் மாவட்டத்து மரச்சிற்பிகளைக் கொண்டு பார்ப்போம். வீடுதோறும் தனித்தனிக் கறிவிருந்துக்கு மாற்றாக, தேர்பவனி மறுநாள் கோவில் மைதானத்தில் ஒரே அன்பின் விருந்து. உறவினரும் அங்கேயே உண்ணட்டும். காணிக்கையில் ஒரு பகுதியை வின்சென்ட் தெ பால் சபையினர் வழியாக, வட்டியில் சிக்கிய குடும்பங்களுக்கு வட்டியில்லாக் கைமாற்றாகத் தருவோம். ஐம்பதாம் ஆண்டின் கொம்பு நம் ஊரில் இப்படியாவது ஒலிக்கட்டும்.

எல்லாரும் நிறைவடைந்தனர் என்று சொல்லமாட்டோம். வெளியூர் இன்னிசைக் குழு வேண்டும் என்று கேட்ட இளைஞர்களுக்கு வருத்தமே. ஓரிரவு பம்பையும் கூத்தும், ஓரிரவு நம் பாடகர் குழுவும் என்று பேசி முடித்திருக்கிறோம். ஒலிபெருக்கி மட்டும் நல்லதாக அமையும் என்று வாக்களித்துள்ளோம். 'கறிவிருந்து இல்லாத நோம்பியா?' என்று சில பெரியவர்கள் இன்னும் கேட்கிறார்கள். அவர்கள் விருந்துக்கு வந்து பார்த்தபின் சொல்லட்டும். இவ்வேற்பாடு சரியா என்பதை அடுத்த ஆண்டுக் கணக்கே காட்டும். அக்கணக்கில் எவ்வளவு வசூல் என்பதோடு, எத்தனை குடும்பம் கடனின்றி விழாவைக் கடந்தது என்பதையும் எழுதி வைப்போம்.

கடந்த வாரம் பாட்டியிடம் இவ்வாண்டு வாடகை இல்லை என்று கூறினோம். அவர் நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை. சற்று யோசித்துவிட்டு, "அப்படீன்னா எத்தனை மூட்டை பொரி எடுக்கட்டுஞ் சாமி?" என்று கேட்டார். "இரண்டு மூட்டை கூடவே எடுங்கள்" என்றோம். அன்பு மக்களே, அந்தப் பொரி மிஞ்சாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

எல்லாம் வல்ல இறைவன் உங்கள் இல்லங்களையும் உங்கள் கைவேலையையும் ஆசீர்வதிப்பாராக!

இறையன்பில்,
உங்கள் பங்குத்தந்தை